ஒரே தட்டில் எட்டுத் துண்டு

(வில்லியனூர், பாகூர் கொம்யூன் மகளிர் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

போன மாதக் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "எங்களை ஒரு ரூபாயா இருந்தாலும் கணக்கு எழுதச் சொல்ற. ஆனா நீ எட்டுப் பொம்பளைங்கள கூட்டிக்கினு போய் பாண்டியில பெரிய ஓட்டல்ல ரெண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு பீட்சா சாப்ட்டு வந்தியாமே. அது எந்தக் கணக்குல வரும்?"

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி நியாயமானது. குழுவில் யார் யாரை வேண்டுமானாலும் கணக்குக் கேட்கலாம் என்று சொல்லிக் கொடுத்தவளே நான்தான். என்னைக் கேட்டால் மட்டும் எப்படிக் கோபப்பட முடியும்? அதனால் இன்றைக்கு அந்தக் கணக்கை உங்கள் முன்னால் வைக்கிறேன். பணக் கணக்கோடு வேறு ஒரு கணக்கும் அதில் இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

பணம் எங்கிருந்து வந்தது?

நம் கூட்டமைப்பில் எட்டுப் பெண்கள் சேர்ந்து சமையல் வேலை எடுத்துச் செய்வது உங்களுக்குத் தெரியும். நாலு பேர் வில்லியனூர் பக்கம், நாலு பேர் பாகூர் பக்கம். மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்கு 40 பேருக்கு மதியச் சாப்பாடும் டீயும் தரும் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 ரூபாய். மொத்தம் 18,000. மளிகை, காய்கறி, கேஸ், வண்டிக்கூலி எல்லாம் போக 6,400 நின்றது. ஆளுக்கு 800 ரூபாய்.

மூன்றாம் நாள் பாத்திரம் கழுவிக்கொண்டு இருக்கும்போது ஒரு அக்கா என்னைக் கேட்டார்: "நீ மொத சம்பளம் வாங்கி இன்னா பண்ண?" நான் உண்மையைச் சொன்னேன். அப்பா கொத்தனார் வேலை செய்து என்னைப் படிக்க வைத்தவர். சம்பளத்தை வீட்டில் கொடுத்தேன். அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, கூடப் படித்த இரண்டு பேரோடு டவுனில் ஒரு இத்தாலிச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, ஒரு பழைய வீட்டு முற்றத்தில் நாலைந்து மேஜை போட்ட கடை. அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை, பிறந்த நாளுக்கு அங்கேதான் போவேன். எனக்குப் பிடித்த கடை அது.

"அப்போ எங்களையும் அங்கயே கூட்டிக்கினு போ. எங்க காசுலயே போறோம்" என்றார் அவர். எட்டுப் பேரும் உட்கார்ந்து பேசினார்கள். ஆளுக்கு 500 வீட்டுக்கும் கடன் தவணைக்கும். ஆளுக்கு 300 சாப்பாட்டுக்கு. என் பங்கு 300 நான் போட்டேன். ஆக 2,700 ரூபாய். கூட்டமைப்புப் பணத்திலிருந்து ஒரு பைசா இதில் இல்லை. நோட்டில் எழுதி எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வாசலில் நின்றவர்

கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று சாயங்காலம் ஆறரை மணிக்கே போய்விட்டோம். ஏழு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். பாகூர் பக்கத்து அக்கா ஒருவர் மட்டும் வாசலிலேயே நின்றார். வயது ஐம்பதுக்கு மேல். காலனியில் இருப்பவர். குழுவில் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்காருகிறவர்.

"இன்னாக்கா, வாங்க" என்றேன்.

"செருப்ப வெளிய வுடணுமா?" என்று கேட்டார்.

"வேணாங்கா, போட்டுக்கினே வரலாம்" என்றேன். அப்போதும் வரவில்லை. நான் வெளியே போய்ப் பக்கத்தில் நின்றேன். மெதுவாகச் சொன்னார்: "நான் சின்னப் புள்ளயா இருக்கசொல்ல டீக்கடையில எங்களுக்குத் தனி டம்ளர். குடிச்சிட்டுக் கழுவி வெச்சிட்டு வரணும். அதுலேந்து கடைக்குள்ள நுழையணும்னாலே கால் தானா நின்னுடுது."

நான் சமூகப்பணி படித்தவள். தீண்டாமை பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்த இடத்தில் எனக்குப் பேச ஒன்றும் வரவில்லை. உள்ளே இருந்து வில்லியனூர் அக்கா ஒருவர் வந்தார். ஊர்த்தெருக்காரர். ஒன்றும் கேட்கவில்லை. "வா, நீ இல்லாம ஆரம்பிக்க மாட்டோம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

நான் செய்த தப்பு

சாப்பாட்டு அட்டை முழுக்க இங்கிலீஷ். நான் வாங்கி வைத்துக்கொண்டு, "இது உங்களுக்குப் புடிக்கும், இது புடிக்காது" என்று நானே முடிவு செய்ய ஆரம்பித்துவிட்டேன். ஒரு அக்கா அட்டையைத் தட்டிக் கேட்டார்: "நீ எங்களுக்குப் பாடம் எடுக்கக் கூட்டியாந்தியா, சாப்பிடக் கூட்டியாந்தியா? படிச்சிச் சொல்லு. விலையையும் சொல்லு. நாங்க முடிவு பண்றோம்."

வெட்கமாகப் போய்விட்டது. குழுவில் தீர்மானத்தை உறுப்பினர்தான் எடுக்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்கிறவள் நான். ஒவ்வொன்றாகப் படித்தேன். அவர்கள் பேசி முடிவு செய்தார்கள். பீட்சா மூன்று: தக்காளியும் சீஸும் போட்ட மார்கரீட்டா ஒன்று, காய்கறி ஒன்று, கோழிக்கறி ஒன்று. பாஸ்தா இரண்டு தட்டு. எலுமிச்சை ஜூஸ் ஐந்து. தண்ணீர் பாட்டில் வேண்டாம், சாதாக் குடிதண்ணீர் போதும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

தட்டு வந்தது

முதல் பீட்சா பெரிய தட்டில் ஆவி பறக்க வந்தது. எட்டுத் துண்டாக வெட்டியிருந்தது. உடனே ஒரு அக்கா எழுந்து நின்றுவிட்டார், எல்லோருக்கும் எடுத்து வைக்க. பரிமாறும் தம்பி, "நீங்க உக்காருங்கம்மா, நான் வைக்கிறேன்" என்றான். உட்கார்ந்தார். பாஸ்தா வந்தது, மறுபடி எழுந்தார். மூன்றாம் தடவையும் எழுந்தபோது மற்றவர்கள் சிரித்துச் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள்.

உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார். அப்புறம் சொன்னார்: "எனக்கு யாராவது சூடா சோறு போட்டு நான் உக்காந்து துன்னது, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனப்பதான். என் பெரியவனுக்கு இப்போ இருவத்தேழு வயசு."

மேஜையில் யாரும் பேசவில்லை. ஒவ்வொருவரும் மனதுக்குள் அவரவர் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். நீங்களும் இப்போது போட்டுப் பாருங்கள். கல்யாணம் ஆனதிலிருந்து எத்தனை தடவை மற்றவர் பரிமாற நீங்கள் சூடாகச் சாப்பிட்டீர்கள்?

தட்டில் எட்டுத் துண்டு, எட்டுப் பேர். எனக்குத் துண்டு இல்லை. வாசலில் நின்றாரே, அந்த அக்கா தன் துண்டைக் கையாலேயே பிய்த்துப் பாதியை என் தட்டில் வைத்தார். ஊர்த்தெரு, காலனி, மீனவர் குப்பம், எல்லோர் கையும் அந்த ஒரே தட்டில் இருந்தது. இதற்கென்று தீர்மானம் போடவில்லை, உறுதிமொழி எடுக்கவில்லை. பசி இருந்தது, தட்டு ஒன்றுதான் இருந்தது. அவ்வளவுதான்.

எல்லோருக்கும் எல்லாமும் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒருவருக்கு சீஸ் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை. "புளிச்ச பால் நாத்தம்" என்று ஓரத்தை மட்டும் சாப்பிட்டார். வெள்ளைப் பாஸ்தாவில் உறைப்பே இல்லை என்று காய்ந்த மிளகாய்த் தூள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

பணக்காரர் சாப்பாடா?

மார்கரீட்டா மேலே இரண்டு பச்சை இலை இருந்தது. வில்லியனூர் அக்கா அதை எடுத்துக் கசக்கி மோந்து பார்த்தார். "ஏம்மா, இது நம்ம திருநீத்துப்பச்சிலை ஆச்சே!" என்றார். அவர் சொன்னது சரி. இத்தாலிக்காரர் பேசில் என்று சொல்லும் செடிதான் நம் ஊர் திருநீற்றுப்பச்சிலை. அதன் விதைதான் வெயில் காலத்தில் சர்பத்தில் போடும் சப்ஜா விதை. மேலே தூவியிருந்த காய்ந்த இலைத் தூள் ஓரிகானோ. அதை மோந்துவிட்டு, "ஓமம் மாதிரி, கற்பூரவல்லி மாதிரி வாசனை" என்றார் இன்னொருவர். பாஸ்தாவைப் பார்த்துவிட்டு, "இது ரவையில செஞ்சதுதானே, நம்ம சேமியாவுக்கு அண்ணன்" என்றார்கள். அதுவும் சரிதான். ஒரு வகைக் கெட்டிக் கோதுமையின் ரவையில்தான் அதைச் செய்கிறார்கள்.

இதில் நமக்குத் தெரிய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பீட்சா பணக்காரர் வீட்டில் பிறந்த சாப்பாடு இல்லை. இத்தாலியில் நேப்பிள்ஸ் என்று ஒரு துறைமுக ஊர். அங்கே கூலி வேலை செய்த ஏழை ஜனங்கள் தெருவில் நின்று வாங்கிச் சாப்பிட்ட மலிவான பண்டம் அது. தக்காளிகூட அவர்கள் ஊருடையது இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. நம் மிளகாயும் அதே கண்டத்திலிருந்து கப்பலில் வந்ததுதான். 1889ல் இத்தாலி ராணி மார்கரீட்டா நேப்பிள்ஸுக்கு வந்தபோது, தக்காளிச் சிவப்பு, சீஸ் வெள்ளை, இலைப் பச்சை என்று அவர்கள் கொடி நிறத்தில் ஒரு பீட்சா செய்து கொடுத்ததாகவும், அதனால் அந்தப் பெயர் வந்ததாகவும் கதை சொல்வார்கள். 2017ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு, நேப்பிள்ஸ் பீட்சா செய்யும் கைத்தொழிலை மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

வட இத்தாலியில் ஏழைகள் மக்காச்சோள மாவைப் பெரிய பானையில் கிண்டிக்கிண்டி ஒரு களி செய்வார்கள். பேர் பொலெண்டா. நாம் கேழ்வரகுக் களி கிண்டுவது மாதிரியேதான். இன்றைக்கு அது பெரிய ஓட்டல்களில் அழகான தட்டில் வருகிறது. நாம் என்ன செய்கிறோம்? வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கூழ்ப் பானையைத் தட்டுப் போட்டு மூடி வைக்கிறோம்.

இந்தச் சமையல் குழுவுக்கு அன்று கிடைத்த பெரிய படிப்பு இதுதான். "நம்ம கருவாட்டுக் கொழம்பையும் களியையும் ஏன் நாமளே விலை கொறச்சிப் போடறோம்?" என்று அங்கேயே பேச்சு வந்தது. அடுத்த வேலைக்கு அவர்கள் தந்த விலைப்பட்டியலில் கேழ்வரகுக் களியும் கீரையும் தனி வரியில், சரியான விலையோடு இருந்தன.

பில்லைப் படித்தவர்

சாப்பிட்டு முடித்தோம். பில் வந்தது. நான் கை நீட்டுவதற்குள் பாகூர் குழு ஒன்றில் கணக்கு எழுதும் தங்கை அதை வாங்கிக்கொண்டாள். வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். சாப்பாடு 2,160. அதற்குக் கீழே சேவைக் கட்டணம் 10 சதவீதம் என்று 216. அதற்கும் சேர்த்து ஜி.எஸ்.டி. மொத்தம் 2,494 ரூபாய் 80 காசு.

"அக்கா, இந்த 216 எதுக்கு?" என்று கேட்டாள்.

இது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. பெரும்பாலான சாப்பாட்டுக் கடைகளில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பில்லில் அதை இரண்டரை, இரண்டரை என்று பிரித்துப் போடுவார்கள். அது அரசாங்க வரி, கட்டத்தான் வேண்டும். சேவைக் கட்டணம் அப்படி இல்லை. அது கடைக்குப் போகும் பணம். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஓட்டல்கள் சேவைக் கட்டணத்தைத் தாங்களாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, கட்டாயப்படுத்தவும் கூடாது என்று சொன்னது. 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றமும் அது சரி என்று தீர்ப்புச் சொன்னது. எடுக்க மாட்டேன் என்று கடைக்காரர் அடம் பிடித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம்.

அந்தத் தங்கையே மேலாளரைக் கூப்பிட்டுப் பணிவாகக் கேட்டாள். சத்தம் போடவில்லை. அவரும் மறுபேச்சு இல்லாமல் எடுத்துவிட்டார். புது பில் 2,160, வரி 108, மொத்தம் 2,268. மிச்சம் 432. அதில் 100 ரூபாயைப் பரிமாறிய தம்பிக்கு அவர்கள் விருப்பத்தோடு கொடுத்தார்கள். "கேட்டு வாங்குனா கட்டணம், நாமளா குடுத்தா அன்பு" என்றார் ஒரு அக்கா. மீதி 332 ரூபாய் சமையல் குழுவின் நோட்டில் வரவு வைக்கப்பட்டது.

பஸ்ஸில் பேசியது

பஸ் ஸ்டாண்டில் வில்லியனூர் அக்காக்கள் ஒரு பஸ் ஏறினார்கள். நான் பாகூர் அக்காக்களோடு கடலூர் ரோட்டில் போனேன். அரியாங்குப்பம் தாண்டும்போது, "இத்தாலிச் சாப்பாடு நம்ம ஊருக்கு இப்போ வந்தது இல்லக்கா, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே வந்தது" என்றேன். யாரும் நம்பவில்லை.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறதே, அங்கே 1945ல் மார்ட்டிமர் வீலர் என்பவர் தோண்டினார். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் தோண்டினார்கள். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற பெண் ஆய்வாளர் தலைமையில் தோண்டினார்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த ஜாடிகளின் ஓடுகள் அங்கே கிடைத்தன. திராட்சை மதுவும், ஆலிவ் எண்ணெயும், மீனை உப்புப் போட்டு ஊறவைத்து எடுத்த சாறும் அந்த மாதிரி ஜாடிகளில்தான் கடல் கடந்து வந்தன. இத்தாலியில் அரேசோ என்ற ஊரில் செய்த சிவப்பு மண் தட்டுகளின் துண்டுகளும் கிடைத்தன. சிலவற்றில் தட்டுச் செய்த பட்டறையின் பெயர் முத்திரையாகக் குத்தியிருந்தது.

கருவாடு விற்கும் நரம்பை அக்காவுக்கு மீன் சாறு என்றதும் ஒரே சந்தோஷம். "அப்போ அவனுங்களும் நம்ம ஆளுங்கதான்" என்றார். வாசலில் நின்ற அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வேறு ஒன்று சொன்னார்: "மண்ணுத் தட்டு செஞ்சவன் பேரு ரெண்டாயிரம் வருஷம் நிக்குது. நாம முப்பது வருஷமா ஆக்கிப் போட்டோம். அதுல எங்கயாவது நம்ம பேரு இருக்குதா?"

வீட்டில் என்ன நடந்தது

ஒரு வீட்டில் சண்டை வந்தது. மறைக்க வேண்டியதில்லை, அவரே சொல்லச் சொன்னார். "வூட்ல சோறு இல்லையா? முன்னூறு ரூபாய்க்குச் சாப்பாடா?" என்று கேட்டிருக்கிறார் வீட்டுக்காரர். இவர் நோட்டைக் கொண்டு வந்து வைத்து, "இந்தா என் கணக்கு. பில்லும் இருக்குது. சாராயக்கடைக்குப் போற காசுக்கு நீயும் ஒரு பில்லு வாங்கிக்கினு வா, ரெண்டையும் சேத்து எழுதலாம்" என்றாராம். இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள், "அந்த பீட்சா எப்படித்தான் இருந்துச்சி?" என்று கேட்டாராம்.

இன்னொரு வீட்டில் பெண் பிள்ளை அம்மாவிடம், "நீ ஏம்மா எப்பவும் கடைசியா சாப்பிடற?" என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்விக்குப் பதில் அந்த அம்மாவிடம் இல்லை.

பதில் நாம்தான் சொல்ல வேண்டும். 2019-21ல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை என்று தெரிந்தது. அதற்குப் பல காரணம் உண்டு. கடைசியில் உட்கார்ந்து, சட்டியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிடும் பழக்கமும் அதில் ஒன்று. முட்டை பிள்ளைக்கு, மீன் நடுத்துண்டு வீட்டுக்காரருக்கு, குழம்பு மட்டும் நமக்கு. பீட்சா சாப்பிட்டால் இரத்தம் ஊறாது. முருங்கைக்கீரையும் முட்டையும் நம் தட்டுக்கும் வந்தால்தான் ஊறும்.

நாம் என்ன செய்யலாம்?

எல்லோரும் பாண்டிக்குப் போய் பீட்சா சாப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கடன் வாங்கிப் போகவே கூடாது. என் யோசனை இதுதான். வருஷத்தில் ஒரு நாள் வில்லியனூர் குழுக்கள் சமைத்துப் பாகூர் குழுக்களுக்குப் பரிமாறட்டும். இன்னொரு நாள் பாகூர் குழுக்கள் வில்லியனூருக்குப் பரிமாறட்டும். எல்லாத் தெருவும் ஒரே பந்தி. சாப்பிடுகிறவர் எழுந்து பரிமாறக் கூடாது, அது ஒன்றுதான் விதி. களி, கருவாட்டுக் குழம்பு, கீரை, அவரவர் ஊர்ப் பண்டம். சமைத்தவர் பெயரை ஒரு அட்டையில் எழுதிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். கடைசி யோசனை அந்த அக்காவுடையது.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைப் பேசுங்கள்:

1. நம் வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுகிறார்? வாரத்தில் ஒரு ராத்திரியாவது எல்லோரும் சேர்ந்து உட்கார முடியுமா?

2. நம் குழுவில் எல்லோரும் எல்லோர் வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோமா? உண்மையைச் சொல்ல வேண்டும்.

3. சம்பாதிக்கும் பணத்தில் உங்களுக்கென்று போன வருஷம் எவ்வளவு செலவு செய்தீர்கள்? அது நோட்டில் இருக்கிறதா?

என்னைக் கேள்வி கேட்ட அம்மாவுக்கு நன்றி. அம்மா, கணக்கை ஒப்படைத்துவிட்டேன். நோட்டும் பில்லும் மேஜை மேல் இருக்கிறது, பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஒன்று மட்டும் பாக்கி. அன்று அந்த அக்கா எனக்குக் கொடுத்த அரைத் துண்டு. அதை எந்த வரவில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.